பின்னச்சுக்கு ஏற்ற எண்ணெய்



மாட்டு வண்டில்கள் நம் வீதிகளில் ஓடிய காலத்தில், அச்சுக்கு மசகு இடுதல் எளிய வேலையாக இருந்தது. வைக்கோலை எரித்துக் கரியாக்கி, அக்கரியை ஆமணக்கெண்ணெயிற் குழைத்து, அச்சின் முனையிலே தடவுவார்கள். கிறீச்சென்ற ஓசை அடங்கும். மாடுகளும் இலேசாக இழுக்கும். எந்த எண்ணெயை இடுவது என்ற ஐயம் வண்டிற்காரருக்கு எழுந்ததில்லை.

ஆமணக்கெண்ணெயின் பெருமை மாட்டு வண்டிலோடு முடிந்துவிடவில்லை. மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் இங்கிலாந்து வணிகர் ஒருவர் தம் எஞ்சின் எண்ணெயில் அதனைக் கலந்து விற்றார். ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயராகிய 'காஸ்டர்' என்பதிலிருந்தே 'காஸ்ட்ரோல்' என்ற வணிகப் பெயர் பிறந்தது. ஆனால் இன்றைய மோட்டார் வண்டிக்கு ஒரே மசகு போதாது. எஞ்சினுக்கு ஒன்று, கியர்ப் பெட்டிக்கு ஒன்று, பின்னச்சிலுள்ள டிபரென்சியலுக்கு ஒன்று என எண்ணெய்கள் வேறு வேறாகிவிட்டன. அவற்றுள் கடைசியாகக் கூறியதே இன்றைய பேச்சின் பொருள். அதுவும் ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் விரைவு வண்டியின் டிபரென்சியலுக்கு உரிய எண்ணெய்.

கலைப் பாடங்களைக் கற்பித்துக் காலங் கழித்த ஒருவனுக்கு இந்தப் பொருளில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கனடாவில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் எழுதிய கடிதமே இதற்குக் காரணம். அவர் பழைய மாஸ்டா எம்.எக்ஸ்.5 வண்டியொன்றை வாங்கியிருந்தார். டிபரென்சியல் எண்ணெய் பழையதாயிற்றே என்று ஒரு கராஜில் புதிய எண்ணெய் ஊற்றுவித்தார். அதற்குப் பின்னர், வண்டியை மெதுவாக ஓட்டி இறுக்கமாகத் திருப்பும்பொழுதெல்லாம் பின்புறத்திலிருந்து 'கடகட' என்ற அதிர்வு எழலாயிற்று. கராஜ்காரர், பற்சில்லுகள் தேய்ந்துவிட்டன, டிபரென்சியல் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார். அவர் கூறிய தொகை அம்மாணவரின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடியது. "ஐயா, பணம் கட்டுவதற்கு முன்னர் காரணத்தை அறிய விரும்புகின்றேன்" என்று அவர் எழுதியிருந்தார். காரணத்தைத் தேடு என்று வகுப்பறையிற் பலமுறை சொன்னவன் நான். ஆகவே அவரோடு சேர்ந்து நானும் தேடலானேன்.

முதலில், டிபரென்சியல் என்பது யாது? ஒரு வண்டி திரும்பும்பொழுது வெளிப்புறச் சில்லு பெரிய வட்டத்திலும், உட்புறச் சில்லு சிறிய வட்டத்திலும் செல்கின்றன. இரு சில்லுகளுக்கும் இடையிலுள்ள தூரம் 1.4 மீற்றர் என்று கொள்வோம். வண்டி அரைவட்டமாகத் திரும்பி வந்த வழியை நோக்கினால், வெளிப்புறச் சில்லு உட்புறச் சில்லைவிட ஏறத்தாழ 4.4 மீற்றர் அதிகமாக ஓடியிருக்கும். வளைவு பெரிதாயினும் சிறிதாயினும் இந்த வேறுபாடு மாறாது என்பதை வட்டத்தின் சுற்றளவைக் கணிக்கத் தெரிந்த மாணவர்கள் தாமே செய்து பார்க்கலாம். இரு சில்லுகளையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்தால், இந்த 4.4 மீற்றரையும் ஏதாவதொரு சில்லு வீதியில் தேய்ந்தே தீர்க்க வேண்டும். இரு சில்லுகளுக்கும் எஞ்சினின் வலுவைக் கொடுத்து, அதே வேளையில் அவை வெவ்வேறு வேகத்திற் சுழலவும் இடமளிக்கும் பற்சில்லுத் தொகுதியே டிபரென்சியல்.

எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையில் ஒரு சிறு பற்சில்லு உண்டு. அது வளையம் போன்ற பெரிய பற்சில்லொன்றைச் சுழற்றுகின்றது. என் மாணவரின் வண்டியில், சிறிய சில்லு 43 முறை சுழன்றாற் பெரியது 10 முறை சுழலும். எஞ்சினின் வலு முழுவதும் ஒன்றையொன்று தொடும் சில பற்களின் வழியாகவே செல்ல வேண்டும். எண்ணெயின் சோதனைக்களம் அந்தப் பற்களின் முகமே.

பழைய வண்டிகளிற் சிறு பற்சில்லின் அச்சு, பெரிய பற்சில்லின் மையத்துக்கு நேராக அமைந்திருந்தது. அமெரிக்காவின் கிளீசன் நிறுவனத்தார், சிறு பற்சில்லை மையத்துக்குக் கீழே இறக்கி அமைக்கும் முறையைக் கண்டனர். 1926 இல் பக்கார்ட் வண்டிகளில் அது இடம்பெற்றது. இதற்கு 'ஹைப்பொயிட்' என்று பெயர். நீண்ட தண்டு தாழ்ந்ததால் வண்டியின் தளமும் தாழ்ந்தது; பற்கள் பெரியனவாகி வலுவும் கூடியது; ஓசையும் குறைந்தது. ஆனால் ஒரு புதிய தொல்லையும் உடன் வந்தது. மையத்துக்கு நேரான பற்கள் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று உருளும். ஹைப்பொயிட் பற்களோ உருள்வதோடு நெடுக வழுக்கியும் செல்லும். பெரும் அழுத்தத்தின்கீழ் வழுக்கும்பொழுது, இடையிலுள்ள எண்ணெய்ப் படலம் வழித்தெடுக்கப்படுகின்றது. உருக்கு உருக்கைத் தொடுகின்றது. தொட்ட இடம் கணப்பொழுதிற் பெருஞ்சூடு அடைந்து, ஒன்றோடொன்று ஒட்டிப் பின்னர் கிழிகின்றது. தனி எண்ணெய், எவ்வளவு தடிப்பாயினும், இதனைத் தடுக்க மாட்டாது.

இதற்கு மாற்று, கந்தகமும் பொசுபரசும் சேர்ந்த இரசாயனப் பொருள்கள். கியர் ஒயிலை முகர்ந்து பார்த்தவர்கள் அதன் கடுமையான நாற்றத்தை மறக்கமாட்டார்கள். அது பெரும்பாலும் கந்தகச் சேர்க்கையின் நாற்றமே. இப்பொருள்கள் சாதாரண வேளையில் எண்ணெயோடு எண்ணெயாக இருக்கும். பற்கள் உரசிச் சூடேறும் இடத்தில் மட்டும் அவை உருக்கோடு சேர்ந்து மிக மெல்லிய படையொன்றை உண்டாக்கும். அந்தப் படை தான் கிழிந்து உருக்கைக் காக்கும்; கிழிந்த இடத்தில் மீண்டும் உண்டாகும்.

எண்ணெய்ப் போத்தலில் 'ஜீ.எல்.4', 'ஜீ.எல்.5' என்று எழுதியிருப்பது இதனைக் குறித்தே. இவை அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம் வகுத்த தரங்கள். ஜீ.எல்.5 ஹைப்பொயிட் பற்சில்லுகளின் கடும் உழைப்புக்கு உரியது. ஜீ.எல்.4 இல் இக்காப்புப் பொருள்கள் ஏறத்தாழப் பாதியளவே உண்டு. அது கையால் மாற்றும் பல கியர்ப் பெட்டிகளுக்கு உரியது. ஜீ.எல்.5 தானே உயர்ந்தது, அதனையே எங்கும் ஊற்றுவோம் என்று எண்ணுவதும் தவறு. பல பழைய கியர்ப் பெட்டிகளிற் பித்தளையாலும் வெண்கலத்தாலும் ஆன வளையங்கள் உண்டு. கந்தகம் மிகுந்த சில எண்ணெய்கள் அவற்றை அரிக்கும். எண்ணெய் அளவுக்கு மீறி வழுக்கினால், கியர் மாற்றும்பொழுது அவ்வளையங்கள் தம் பிடியையும் இழக்கும். ஆகவே ஹைப்பொயிட் பின்னச்சுக்கு ஜீ.எல்.5 என்றும், கியர்ப் பெட்டிக்கு அதன் கைந்நூல் கூறுவது என்றும் பிரித்து நினைவில் வைத்தல் நன்று.

அடுத்தது தடிப்பு, பாடநூல்கள் பாகுநிலை என்று கூறுவது. போத்தலில் '75 டபிள்யூ–90' என்றவாறு இரண்டு எண்கள் காணப்படும். 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிப்பது. முதலாம் எண், எவ்வளவு குளிரிலும் எண்ணெய் இறுகாமல் அசையும் என்பதைக் காட்டும். 75 டபிள்யூ எண்ணெயைச் சோதிக்கும் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ். 80 டபிள்யூ எண்ணெய்க்கு அது கீழே 26 பாகை. 85 டபிள்யூ எண்ணெய்க்குக் கீழே 12 பாகை. இரண்டாம் எண், 100 பாகைச் சூட்டில் எண்ணெய் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைக் காட்டும். 90 ஐ விட 140 தடித்தது, 85 மெல்லியது.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். எஞ்சின் எண்ணெயின் எண்ணும் கியர் எண்ணெயின் எண்ணும் வெவ்வேறு அளவுகோல்களைச் சேர்ந்தவை. 90 என்ற கியர் எண்ணெய், 40 அல்லது 50 என்ற எஞ்சின் எண்ணெயின் தடிப்பையே ஒத்தது. எண் இரு மடங்காக இருப்பதால் தடிப்பும் இரு மடங்கு என்று கொள்ளக்கூடாது.

என் மாணவரின் வண்டிக்கு மாஸ்டா நிறுவனத்தார் கைந்நூலிற் கூறியது இது: ஜீ.எல்.5 தரம், பூச்சியத்துக்குக் கீழே 18 பாகைக்கு மேற்பட்ட குளிர்நிலையில் 90, அதனிலும் கடுங்குளிரில் 80 டபிள்யூ. கொழும்பில் வாழ்பவருக்கு இரண்டாவது விதி என்றும் தேவைப்படாது. நுவரெலியாவின் பனி பெய்யும் இரவுகூட அந்த அளவை எட்டாது. கனடாவின் மாரிக்காலத்திலோ அது மெய்யான கேள்வி. 75 டபிள்யூ–90 எண்ணெய் இரண்டு நிலைக்கும் ஒருங்கே பொருந்தும்.

தடித்த எண்ணெயே கூடிய பாதுகாப்புத் தரும் என்பது நம்மிடையே பரவியுள்ள எண்ணம். ஒரு பந்தயத் தடத்தில் வண்டியைப் பல சுற்றுகள் விடாது விரட்டினால், டிபரென்சியல் எண்ணெய் வெகுவாகச் சூடேறி மெலியும். அங்கே தடித்த எண்ணெய்க்கு இடமுண்டு. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையில் நடப்பது போன்ற குறுகிய மலையேற்றப் போட்டியில், எண்ணெய் நன்கு சூடேறுமுன்னரே ஓட்டம் முடிந்துவிடும். நாள்தோறும் கடைக்கும் வேலைக்கும் செல்லும் வண்டியைப் பற்றிக் கூறவேண்டியதில்லை. அங்கே மிகத் தடித்த எண்ணெய், தன்னைத் தானே கலக்குவதில் வலுவை வீணாக்கி வீண் சூட்டையே உண்டாக்கும். 2012 இல் வெளிவந்த டொயோட்டா 86 என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கு அதன் நிறுவனத்தார் 75 டபிள்யூ–85 எண்ணெயையே விதித்தனர். அதற்குச் சில ஆண்டுகள் முந்திய பி.எம்.டபிள்யூ. எம்.3 வண்டிக்கோ 75 டபிள்யூ–140 விதிக்கப்பட்டது. இரண்டும் ஸ்போர்ட்ஸ் கார்களே. 'ஸ்போர்ட்ஸ் காருக்கு எது நல்லது?' என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமோ?

நிற்க. இதுவரை கூறியவற்றை என் மாணவரின் வண்டியோடு பொருத்திப் பார்த்தோம். கராஜ்காரர் ஊற்றியது ஜீ.எல்.5, தடிப்பு 75 டபிள்யூ–90. கைந்நூல் கூறியதற்கு மாறாக எதுவும் இல்லை. ஆயினும் அதிர்வு இருந்தது. பிழை வேறெங்கோ இருத்தல் வேண்டும்.

டிபரென்சியலுக்குள்ளே ஒரு குறை உண்டு. சாதாரண டிபரென்சியல் இரு சில்லுகளுக்கும் சம அளவான முறுக்கு விசையைக் கொடுக்கும். ஒரு சில்லு சேற்றிலோ பனியிலோ பிடியின்றிச் சுழன்றால், அதற்குத் தேவையான சிறு விசையே மற்றதற்கும் கிடைக்கும், வண்டி நகராது. விரைவாக வளைவிற் செல்லும் ஸ்போர்ட்ஸ் காரில் உட்புறச் சில்லின்மீது பாரம் குறையும். அது வீணே சுழல, வண்டி வேகத்தை இழக்கும். இதனைத் தடுக்க, இரு சில்லுகளின் வேக வேறுபாட்டை ஓரளவு கட்டுப்படுத்தும் டிபரென்சியல்களை அமைத்தனர். அவற்றுள் மூன்று வகைகளை அறிந்தாற் போதும்.

முதலாவது, பசைத் திரவ வகை. மூடிய சிறு பேழையொன்றிற் சிலிக்கோன் திரவமும் தகடுகளும் இருக்கும். அத்திரவத்தின் இழுவையே கட்டுப்பாடு. வெளியே ஊற்றும் எண்ணெய் அதனுள்ளே செல்வதில்லை. இரண்டாவது, அமெரிக்கராகிய வேர்னன் கிளீஸ்மன் என்பவர் கண்ட டோர்சன் வகை. இது பற்சில்லுகள் ஒன்றையொன்று அழுத்தும் உராய்வினாலேயே வேலை செய்வது. இவ்விரண்டுக்கும் நல்ல ஜீ.எல்.5 எண்ணெய் போதும். மூன்றாவது, தகட்டு வகை. இதில் உராயும் தகடுகள் அடுக்கடுக்காக, எண்ணெயில் நனைந்தபடி, ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கும். வண்டி திரும்பும்பொழுது அவை ஒன்றன்மேல் ஒன்று மெல்ல வழுக்க வேண்டும்.

அந்த மெல்லிய வழுக்கலே இங்கே முக்கியமானது. கனத்த மேசையொன்றைத் தரையில் தள்ளிப் பாருங்கள். அசையத் தொடங்குவதற்குப் பெரும் விசை வேண்டும். அசைந்த பின்னர் சிறு விசை போதும். ஆகவே அது சீராக நகராமல், நின்று நின்று துள்ளும், கடகடவென ஓசையிடும். தகடுகளும் சாதாரண எண்ணெயில் இவ்வாறே பிடித்து விடும், மீண்டும் பிடிக்கும். இதனைத் தவிர்க்க எண்ணெயிற் சேர்க்கப்படுவது 'உராய்வு மாற்றி' என்ற பொருள். அதன் மூலக்கூறுகள் நீண்டவை. ஒரு முனை உலோகத்தைப் பற்றிக்கொள்ள, மறுமுனைகள் பட்டுத்துணியின் இழைகள்போல் நிமிர்ந்து நிற்கும். தகடுகள் அந்த இழைகளின்மேல் துள்ளாமல் வழுக்கும்.

இப்பொழுது மாணவரின் வண்டிக்குத் திரும்புவோம். எம்.எக்ஸ்.5 என்பது 1989 இல் அறிமுகமான இருவர் அமரும் திறந்த வண்டி. 2016 ஆம் ஆண்டளவில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் ஆக்கப்பட்டுவிட்டன. தொடக்க காலத்து 1.6 லீற்றர் வண்டிகளிற் சாதாரண டிபரென்சியலோ பசைத் திரவ வகையோ இருந்தது. 1994 மாதிரியில் 1.8 லீற்றர் எஞ்சின் வந்தபொழுது பின்னச்சைப் பெரிதாக்கி, விரும்பியோருக்கு டோர்சன் வகையைக் கொடுத்தனர். பழையதற்கு 0.65 லீற்றர் எண்ணெயும், பெரிதாக்கியதற்கு 1 லீற்றரும் கொள்ளும். நிறுவனத்தார் வைத்தவை இவை. ஆனால் பந்தயத்தில் ஆர்வமுள்ளோர், தாமே தகட்டு வகையொன்றை வாங்கிப் பொருத்துவதுண்டு.

மாணவர் வண்டியை விற்றவரைத் தேடிப்பிடித்து விசாரித்தார். ஐயம் தெளிந்தது. முன்னைய உரிமையாளர் பல ஆண்டுகளுக்கு முன்னர் தகட்டு வகை டிபரென்சியலைப் பொருத்தி, அதற்குரிய எண்ணெயையே ஊற்றி வந்திருக்கின்றார். கராஜ்காரரோ கைந்நூலைப் பார்த்துச் சாதாரண எண்ணெயை ஊற்றினார். கைந்நூல் பொய் கூறவில்லை. அது தான் அறிந்த வண்டியைப் பற்றியே கூறியது. உள்ளே இருந்ததோ வேறொன்று.

நோயின் குறிகளும் இதனையே காட்டி நின்றன. பற்கள் தேய்ந்திருந்தால், நேர்வீதியிலும் வேகத்தோடு கூடிக் குறையும் ஊளை ஓசை கேட்டிருக்கும். இவ்வதிர்வோ மெதுவாகத் திரும்பும்பொழுது மட்டும் எழுந்தது; எண்ணெய் மாற்றுவதற்கு முன்னர் இருந்ததுமில்லை. மாணவர் அந்த எண்ணெயை வடித்து, தகட்டு வகைக்கென உராய்வு மாற்றி சேர்த்து விற்கப்படும் எண்ணெயை ஊற்றினார். பின்னர் வெறுமையான வாகனத் தரிப்பிடம் ஒன்றில் எட்டு என்ற எண்ணின் வடிவிற் பலமுறை மெதுவாக ஓட்டினார். புதிய எண்ணெய் தகடுகளுக்கிடையே ஊறுவதற்கு அதுவே வழி. அதிர்வு படிப்படியாகக் குறைந்து மறைந்தது. ஒரு மாதச் சம்பளம் கேட்ட நோய், ஒரு போத்தல் எண்ணெயிலே தீர்ந்தது.

ஆயினும் உராய்வு மாற்றி நல்லது என்று அதனை அளவின்றிச் சேர்ப்பது கூடாது. மிகுதியானால் தகடுகள் பிடிக்கவேண்டிய வேளையிலும் வழுக்கும்; டிபரென்சியல் தன் கட்டுப்பாட்டை இழக்கும். தகடுகள் இல்லாத டோர்சன் வகைக்கு அது வேண்டியதே இல்லை. தனியே வாங்கிச் சேர்ப்பவர்கள், சிறிது சிறிதாகச் சேர்த்து, அதிர்வு நின்றவுடன் நிறுத்துவது நல்லது.

உள்ளே இருப்பது எந்த வகை என்று எவ்வாறு அறிவது? பின்சில்லுகள் இரண்டையும் உறுதியான தாங்கிகளின்மேல் உயர்த்தி, முன்சில்லுகள் உருளாமல் அணைகொடுத்து, கியரை விடுவித்து, ஒரு சில்லைக் கையாற் சுழற்றுங்கள். மற்றது எதிர்த்திசையிற் சுழன்றாற் சாதாரண வகையென்றும், அதே திசையிற் சுழன்றாற் கட்டுப்படுத்தும் வகையென்றும் ஊகிக்கலாம். தேய்ந்த உறுப்புகள் இச்சோதனையில் நம்மை ஏமாற்றவும் கூடும். ஆகவே வண்டியின் பதிவுகளையும், முன்னர் வைத்திருந்தவரையும், அனுபவமுள்ள மெக்கானிக்கையும் விசாரித்தே முடிவு செய்தல் வேண்டும். வெறும் தூக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே ஒருபொழுதும் செல்லலாகாது.

எண்ணெய் மாற்றும் முறையிலும் இரண்டொரு குறிப்புகள் உண்டு. வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி எண்ணெயை வெதுவெதுப்பாக்கிக்கொண்டு, சமதரையில் நிறுத்துங்கள். முதலில் மேலேயுள்ள ஊற்றும் துளையின் திருகாணியைக் கழற்றுங்கள். கீழ்த் திருகாணியை முதலிற் கழற்றி எண்ணெயை வடித்தபின், மேல் திருகாணி துருவேறிக் கழராமற் போனால், வண்டி எண்ணெயின்றி அவ்விடத்திலேயே நிற்க நேரும். கீழ்த் திருகாணியிற் காந்தம் இருந்தால், அதில் மைபோன்ற நுண்ணிய உலோகத் தூள் ஒட்டியிருப்பது இயல்பு. துண்டுகளோ பற்சிதைவுகளோ இருந்தால் அது எச்சரிக்கை. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். புதிய எண்ணெயை, ஊற்றும் துளையின் கீழ்விளிம்பு மட்டத்துக்கு ஊற்றினாற் போதும். மிகுதியானால் நுரைத்து, காற்றுப்போக்கி வழியே கசியும்.

வடித்த எண்ணெயை மண்ணில் ஊற்றாதீர்கள். சுண்ணக்கல் நிலத்தின் கீழேயுள்ள நீரைக் கிணறுகளால் எடுத்து வாழும் யாழ்ப்பாணத்தாருக்கு இதனை வற்புறுத்திக் கூறவேண்டும். இன்று நிலத்தில் விட்ட எண்ணெய், நாளை நம் கிணற்றைத் தேடி வரும்.

சுருங்கக் கூறின், எண்ணெய் வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பற்சில்லுகள் எவ்வகை? ஹைப்பொயிட் ஆயின் ஜீ.எல்.5. டிபரென்சியல் எவ்வகை? தகட்டு வகையாயின் உராய்வு மாற்றி உள்ள எண்ணெய். வண்டி எங்கே, எவ்வாறு உழைக்கின்றது? அதற்கேற்ற தடிப்பு, ஐயமிருந்தால் நிறுவனத்தார் விதித்தது. விலையும் விளம்பரமும் இக்கேள்விகளுக்குப் பின்னரே வரவேண்டும்.

என் மாணவர் தம் இரண்டாவது கடிதத்தில், "உள்ளே என்ன இருக்கின்றது என்று முதலிற் கேட்டிருந்தால் இத்தனை அலைச்சலும் இருந்திராது, ஐயா" என்று எழுதியிருந்தார். அதனைப் படித்தபொழுது, வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்திருந்த சில பிள்ளைகளின் முகங்கள் என் நினைவுக்கு வந்தன. கைந்நூலைப் பார்த்து எல்லாருக்கும் ஒரே பாடத்தை ஊற்றிவிட்டு, பிள்ளைக்குத் தான் குறை என்று தீர்ப்புச் சொன்ன நாள்கள் எனக்கும் உண்டு. கராஜ்காரரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.